சுகரும் கால் நரம்பும்: டெஸ்ட் அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பின் வேகத்தை அளக்கும் அறையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். காலில் ஒயரை ஒட்டி முடிப்பதற்குள் முதல் கேள்வி வந்துவிடும். டாக்டர் முன்னால் கேட்கத் தயங்கியதெல்லாம் இங்கேதான் வெளியே வரும். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையையோ இன்சுலினையோ தானாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

"நரம்புன்னா கையில பச்சையா ஓடுதே, அதானே?"

இல்லை, அது ரத்தக் குழாய். தமிழில் இரண்டையுமே நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். குளுக்கோஸ் ஏற்றும்போதுகூட "நரம்பு கிடைக்கலை" என்றுதான் சொல்கிறோம். இங்கே பேசுகிற நரம்பு வெளியே தெரியாது. முதுகுத்தண்டை ஒட்டிக் கிளம்பிக் கால் விரல் நுனி வரை போகும் இழை அது. அதில் ஒரே ஒரு செல்லின் வால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். சுவர் விளம்பரங்களில் வரும் "நரம்புத் தளர்ச்சி"க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

"சுகர் ரத்தத்துல தானே ஏறுது, நரம்பு ஏன் கெடுது?"

தசை செல்லுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். நரம்புக்கு அந்தக் கதவு இல்லை. ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அதற்கேற்ப நரம்புக்குள்ளும் ஏறும். உள்ளே போன கூடுதல் சர்க்கரையில் ஒரு பங்கு சார்பிட்டால் என்ற பொருளாக மாறித் தேங்குகிறது. புரதங்களோடு ஒட்டிக்கொண்டும் கேடு செய்கிறது. நரம்புக்குத் தீனி கொண்டுபோகும் மயிரிழை ரத்தக் குழாய்களும் இன்னொரு பக்கம் தடித்து அடைபடுகின்றன.

நீளமான இழைக்குத்தான் முதல் அடி. அதனால்தான் இரண்டு காலிலும் விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் போட்டதுபோல மேலே ஏறும். முழங்காலை நெருங்கும் சமயத்தில்தான் பொதுவாகக் கைவிரல் நுனியிலும் மதமதப்பு தொடங்கும்.

"எனக்குக் கால்ல ஒரு தொந்தரவும் இல்லையே. எதுக்கு டெஸ்ட்?"

தொந்தரவு தெரிவதற்கே நரம்பு வேலை செய்ய வேண்டுமே! நரம்பு பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வரை எந்தத் தொந்தரவும் சொல்லாமல் இருக்கலாம். ஒருமுறை ஒரு பெரியவர் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தார். இன்னொன்று வராந்தாவிலேயே கழன்று கிடந்தது. "காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் ஏறிப் படுத்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் இருந்தது.

நடு வயதில் வரும் இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால், நோய் தெரிந்த அன்றே காலைப் பார்க்க வேண்டும். எத்தனை வருடமாக உள்ளே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்சுலின் இல்லாமல் வாழ முடியாத முதல் வகை என்றால், 5 வருடம் கழித்து ஆரம்பிக்கலாம். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. பெரிய கருவி எதுவும் வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழை ஒன்று, 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கவை ஒன்று, கூடவே ஒரு குண்டூசி. கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். "ஏதோ வெச்ச மாதிரி இருக்கு, ஆனா அதிரலை" என்றால் அதுவே ஒரு செய்தி.

"அப்போ இந்த கரண்ட் வைக்கிற டெஸ்ட்?"

என் பிழைப்புக்கு எதிராக ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு இது தேவையில்லை. மேலே சொன்ன மூன்று பொருளே போதும். பாதிப்பு வழக்கமான தோரணையில் இல்லாதபோதும் வேறு நோய் என்று சந்தேகம் வரும்போதும்தான் டாக்டர்கள் இங்கே அனுப்புவார்கள். ஆராய்ச்சிகளில் மட்டும் எல்லோருக்கும் எடுப்பார்கள்.

இதில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று வேகம், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று இருக்கும். காலில் 40-க்கு மேல் என்றால் ஏறக்குறைய சரி. இன்னொன்று அலையின் உயரம். வேகம் என்பது ரோடு எப்படி இருக்கிறது என்பது. உயரம் என்பது அந்த ரோட்டில் எத்தனை வண்டி ஓடுகிறது என்பது. சர்க்கரை சீரானால் வேகம் சில வாரங்களிலேயே கொஞ்சம் கூடலாம். உயரம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது, ஏனென்றால் இழைகளே செத்திருக்கும். அப்புறம், இந்த மெஷின் தடித்த இழைகளைத்தான் பார்க்கும். வலியையும் சூட்டையும் சொல்கிற மெல்லிய இழைகள் இதில் தெரியாது. எரிச்சலில் தூங்காமல் வந்தவருக்கு "நார்மல்" என்று ரிப்போர்ட் வருவது இதனால்தான். அவர் நடிக்கவில்லை.

"டைட் கண்ட்ரோல், டைட் கண்ட்ரோல்ங்கிறாங்களே, எவ்வளவு டைட்டு?"

பொதுவாக ஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரியை வைத்துத்தான் சொல்கிறார்கள். நிறையப் பேருக்கு 7-க்குக் கீழே என்பது இலக்கு. யாருக்கு 7, யாருக்கு 8 என்பது வயது, வேறு நோய், சர்க்கரை சட்டென்று இறங்கும் ஆபத்து ஆகியவற்றைப் பொறுத்தது. ஒருநாள் வெறும் வயிற்றில் 98 வந்ததைக் காட்டி "கண்ட்ரோல்" என்பவர்கள் உண்டு. டெஸ்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து வாங்கிய மார்க் அது.

"கண்ட்ரோல் பண்ணா நரம்பு கெடாதுன்னு யாராவது நிரூபிச்சிருக்காங்களா, சும்மா சொல்றாங்களா?"

நிரூபித்திருக்கிறார்கள். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 மையங்களில் 1,441 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. டிசிசிடி என்று பெயர். எல்லோரும் முதல் வகை நோயாளிகள், சேரும்போது 13 முதல் 39 வயது. ஒரு பாதிக்கு அந்தக் கால வழக்கப்படி தினம் ஒன்றோ இரண்டோ இன்சுலின் ஊசி. இன்னொரு பாதிக்குத் தினம் மூன்று ஊசியோ அதற்கு மேலோ, இல்லையென்றால் இன்சுலின் பம்ப், தினம் நான்கு தடவையாவது விரலில் குத்திப் பார்க்க வேண்டும், வாரத்தில் ஒருநாள் விடியற்காலை 3 மணிக்கும் எழுந்து பார்க்க வேண்டும். மாதாமாதம் மையத்துக்குப் போக வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் ஏ1சி 7-ஐ ஒட்டித்தான் நின்றது. மற்றவர்களுக்கு 9.

சராசரியாக ஆறரை வருடம் பார்த்ததில், நரம்பு நோய் சுமார் 60 சதவீதம் குறைந்தது. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். சதவீதத்தைக் கேட்டு மயங்க வேண்டாம், ஆள் கணக்கில் சொல்கிறேன். கண்ணில் ஏற்கெனவே லேசான பாதிப்போடு, ஆனால் நரம்பு நன்றாக இருந்த நிலையில் சேர்ந்தவர்களில், வழக்கமான சிகிச்சையில் 5 வருடத்தில் நூற்றுக்கு 16 பேருக்கு நரம்பு நோய் வந்தது. கடுமையான கட்டுப்பாட்டில் 7 பேருக்கு. நான் அளக்கிற அதே வேகம் ஒரு குழுவில் ஏறக்குறைய அப்படியே நின்றது, இன்னொன்றில் இறங்கிக்கொண்டே போனது.

சும்மா கிடைக்கவில்லை. அடுத்தவர் உதவி இல்லாமல் மீள முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போவது மூன்று மடங்கானது. 5 வருடத்தில் எடையும் மற்ற குழுவைவிட நாலரை கிலோ போலக் கூடியது.

"அது சின்னப் பசங்க சுகர். எனக்கு ஐம்பதுல வந்தது. எனக்கும் அந்த 60 சதவீதம்தானா?"

இல்லை. இதை யாரும் உடைத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். இரண்டாம் வகையில் நரம்புக்குக் கிடைக்கும் பலன் உண்டு, ஆனால் சிறியது, தாமதமாக வருவது. இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கிய யுகேபிடிஎஸ் ஆய்வில் புதிதாக நோய் தெரிந்த 5,102 பேர் சேர்ந்தார்கள். பத்து வருடச் சராசரியில் ஒரு குழுவுக்கு ஏ1சி 7.0, இன்னொன்றுக்கு 7.9. காலில் அதிர்வு உணர்ச்சி குறைந்தவர்கள் என்று பார்த்தால், தெளிவான வித்தியாசம் 15-வது வருடத்தில்தான் தெரிந்தது: முதல் குழுவில் 31 சதவீதம், மற்றதில் 52 சதவீதம். ஜப்பானில் குமமோட்டோவில் 110 பேரை 6 வருடம் கவனித்த சிறிய ஆய்வில் நரம்பு வேகத்தில் நல்ல பலன் தெரிந்தது. அவர்கள் ஒல்லியானவர்கள், எல்லோரும் இன்சுலினில் இருந்தவர்கள்.

அக்கார்டு என்ற அமெரிக்க–கனடிய ஆய்வு வேறு கதை. 10,251 பேர், வயதானவர்கள், பல வருட நோய், இதய ஆபத்து அதிகம். ஏ1சியை 6-க்குக் கீழே தள்ளப் பார்த்தார்கள். கடுமையான குழுவில் 257 பேர் இறந்தார்கள், மற்றதில் 203 பேர். 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். காலின் உணர்ச்சியில் அங்கேயும் சிறிது பலன் தெரிந்ததுதான். அதற்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது.

ஏன் இந்த வித்தியாசம்? இரண்டாம் வகை, தெரிவதற்குப் பல வருடம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. தவிர, நரம்பைக் கெடுப்பது சர்க்கரை மட்டும் இல்லை. தொப்பை, டிரைகிளிசரைடு, பிரஷர், புகை, வயது எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

"அப்போ நான் எதுக்கு வாயைக் கட்டணும்?"

நரம்பு மட்டுமா இருக்கிறது? கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் பலன் இரண்டாம் வகையிலும் உறுதியானது. நரம்புக்கும் பலன் பூஜ்யம் இல்லை. சர்க்கரையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் போதாது, அவ்வளவுதான். சாப்பாட்டை மாற்றி, நடந்து, எடையைக் குறைத்தவர்களின் தோலில் மெல்லிய நரம்பு இழைகள் திரும்ப முளைத்ததைச் சிறிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சர்க்கரையின் எல்லைக்கோட்டில் இருந்தவர்கள், முற்றியவர்கள் அல்ல.

"பத்து வருஷம் கண்டுக்காம விட்டுட்டேன். இனிமே பண்ணி என்ன பிரயோஜனம்?"

டிசிசிடி முடிந்ததும் அதே ஆட்களை 1994 முதல் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். இப்போது எல்லோருக்கும் கடுமையான சிகிச்சை சொல்லிக்கொடுக்கப்பட்டது. சில வருடத்தில் இரு குழுவின் ஏ1சியும் 8-ஐ ஒட்டி ஒன்றாகிவிட்டது. ஆனாலும் 13, 14 வருடம் கழித்துப் பார்த்தால், முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கும், இல்லாதவர்களில் 35 சதவீதம் பேருக்கும் நரம்பு நோய். அந்த ஆறரை வருடத்தை உடம்பு மறக்கவில்லை.

இது நல்ல செய்தியும்தான், கெட்ட செய்தியும்தான். விட்ட பத்து வருடத்தின் கடன் பாக்கி இருக்கும். ஆனால் இன்று சேர்ப்பதும் கணக்கில் ஏறும். 55 வயதுக்காரர் இதைக் கேட்டுவிட்டு மனம் விடக் கூடாது. 80 வயதுக்காரருக்குக் கணக்கு வேறு, அது கீழே வருகிறது.

"மரத்துப்போனது திரும்ப வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

பெரும்பாலும் வராது. மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் எல்லாம் கெடாமல் தடுப்பதைப் பற்றியவை, கெட்டதை மீட்பதைப் பற்றியவை அல்ல. நல்ல உடம்பிலேயே அறுந்த நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு அதைவிட மெதுவு. கணையத்தையே மாற்று அறுவை செய்து, சர்க்கரை முழுக்கச் சரியாகிவிட்டவர்களுக்குக்கூட நரம்பு வருடக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் தேறியது.

"சுகர் குறைஞ்ச பிறகுதான் எரிச்சலே ஆரம்பிச்சுது. மாத்திரை ஒத்துக்கலையா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏ1சி 12, 13 என்று இருந்தவர் பயந்துபோய் இன்சுலின், பட்டினி, நடை என்று ஒரே மூச்சில் இறங்கி மூன்று மாதத்தில் 7-க்கு வந்திருப்பார். எல்லோரும் பாராட்டும்போது அவருக்கு மட்டும் போர்வை பட்டாலே கால் தீயாக எரியும். எழுந்து நின்றால் தலை சுற்றலும் சேரலாம். "அப்பவே நல்லா இருந்தேன்" என்று மருந்தையே நிறுத்திவிடுவார்.

இது தெரிந்த விஷயம்தான். 1933-லேயே இன்சுலின் போட்டவரிடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இன்சுலின் நரம்பு அழற்சி என்றே பெயர் வைத்தார்கள். பிறகு மாத்திரையில் குறைத்தவர்களுக்கும், சாப்பாட்டில் மட்டும் குறைத்தவர்களுக்கும் வந்ததால், குற்றவாளி மருந்து இல்லை, வேகம் என்று தெரிந்தது. ஏ1சி மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது, 4-க்கு மேல் என்றால் மிக அதிகம். இறங்கிய சில வாரத்துக்குள் வலி வரும். சர்க்கரையைத் திரும்ப ஏற்றிவிடுவது தீர்வு இல்லை. வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருந்தால், பலருக்கு மாதங்களில், சிலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் வலி தணிகிறது.

"கண்புரை ஆபரேஷனுக்கு சுகரைக் குறைச்சுட்டு வரச் சொல்லிட்டாங்க. ஒரே மாசத்துல 12-லிருந்து 7 ஆக்கிடலாமா?"

ஏ1சி மூன்று மாதச் சராசரி, ஒரு மாதத்தில் முழுசாக இறங்கிக் காட்டாது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் அன்றன்றைய அளவு ஓரளவு இறங்குவதைத்தான். எந்த எண் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாய்ந்து இறக்கினால் காலுக்கு என்ன ஆகும் என்பதை முந்தின பதிலில் பாருங்கள். விழித்திரையில் பாதிப்பு இருந்தால் அதுவும் முதலில் மோசமாகலாம், டிசிசிடியிலேயே அப்படி நடந்தது. அதனால் இறக்குவதற்கு முன்பே விழித்திரையைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

"எரிச்சல் தானா நின்னுபோச்சு. குணமாயிட்டுது தானே?"

நரம்பு தேறினாலும் எரிச்சல் நிற்கும், செத்தாலும் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு இழையைத் தொடவிட்டுப் பார்த்தால்தான் எது என்று தெரியும். தொடுவது தெரியாமல் எரிச்சலும் இல்லை என்றால், இனிமேல் முள் குத்தினாலும் தெரியாது. அந்தக் காலைத்தான் தினமும் பார்க்க வேண்டும், அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வைத்து.

"வருஷக்கணக்கா நரம்பு ஊசி போடறேன், சத்து மாத்திரையும் உண்டு. அது போதாதா?"

நரம்பு ஊசி என்று போடுவது பெரும்பாலும் பி12 வைட்டமின். உடம்பில் அது குறைவாக இருந்தால் ஊசி அவசியம். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்குப் பி12 குறையலாம். கால் மரப்பும் அதேபோலத்தான் வரும், சர்க்கரை மீது பழி விழும். ஆகவே ஒரு தடவை ரத்தத்தில் அளந்து பாருங்கள். அளவு சரியாக இருக்கும்போது ஊசி போட்டுக்கொண்டே இருப்பதால் சர்க்கரையால் கெட்ட நரம்பு முளைக்காது. பிரிகாபலின், டுலாக்ஸிடின், அமிட்ரிப்டிலின் எல்லாம் வலியை அடக்குபவை. தூக்கம் வரவைப்பது பெரிய உதவிதான், ஆனால் அவை நரம்பை ரிப்பேர் செய்வதில்லை.

"முன்னெல்லாம் சுகர் இறங்கினா கை நடுங்கும், வேர்க்கும். இப்ப ஒண்ணும் தெரியாம மயங்கிடறேன்."

இதை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த நடுக்கமும் படபடப்பும் உடம்பு அடிக்கிற மணி. இதயம், குடல், வியர்வை எல்லாவற்றையும் தானாக நடத்தும் நரம்புகள் கெட்டாலும் மணி அடிக்காது, அடிக்கடி சர்க்கரை இறங்கி உடம்புக்குப் பழகிப்போனாலும் அடிக்காது. இந்த நிலையில் டைட் கண்ட்ரோல் ஆபத்து. இலக்கைக் கொஞ்சம் தளர்த்தி, சில வாரம் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த மணி திரும்பக் கேட்கத் தொடங்கும். 70-க்குக் கீழே போனால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

"அம்மாவுக்கு 80. ஏ1சி 7.8. அமெரிக்காவுல இருக்கிற அண்ணன் 6.5 ஆக்கியே தீரணும்ங்கிறான்."

அண்ணனிடம் அக்கார்டு கதையைச் சொல்லுங்கள். நரம்புக்கான பலன் தெரிய எத்தனை வருடம் ஆனது என்பதையும் சொல்லுங்கள். 80 வயதில் சர்க்கரை இறங்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவது ஒரே ராத்திரியில் நடக்கும். பல நோய்களோடு இருக்கும் முதியவர்களுக்கு 8 வரை டாக்டர்களே விட்டுவைக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு எண்ணைவிட நகம் வெட்டிவிட ஆள் வேண்டும்.

"கால் ஜில்லுன்னு இருக்கு, வெந்நீர்ல வெச்சா இதமா இருக்குமா?"

வைக்காதீர்கள். சூடு தெரியாத கால் அது. வெந்துபோன பிறகு கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். குளிக்கிற தண்ணீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லும் இதே வேலையைச் செய்யும். நடை திறந்ததும் காலையிலேயே போய்விட்டு வாருங்கள்.

"எனக்கு ஒரு கால் மட்டும்தான். இதுவும் சுகர்தானா?"

ஒரு பக்கம் மட்டும், கையில் முதலில், சில நாட்களிலேயே பலம் குறைந்து நடக்க முடியாமல் போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது: இவை இரண்டாவது பதிலில் சொன்ன சாக்ஸ் கணக்கில் சேராது. தண்டுவட அழுத்தமாகவோ வேறு நரம்பு நோயாகவோ இருக்கலாம். ஒற்றைத் தொடையில் கடும் வலி வந்து தசை இளைத்து எடை குறைவது சர்க்கரையிலேயே வேறொரு வகை. எதுவானாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

"போன வருஷம் 38, இந்த வருஷம் 41. நரம்பு வளர்ந்துட்டுது பாருங்க!"

இரண்டு ரிப்போர்ட்டோடு வந்து சிரித்த முகமாக நிற்பவரிடம் இதைச் சொல்வது கஷ்டம். கால் ஒரு டிகிரி குளிர்ந்தால் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் போலக் குறையும். ஏசி அறையில் அரைமணி நேரம் காத்திருந்தவரின் கால் சாதாரணமாகவே குளிர்ந்துவிடும். அதனால்தான் முதலில் துண்டைச் சுற்றி, தோலின் சூட்டை அளந்த பிறகே ஆரம்பிக்கிறேன். உங்கள் 3 மீட்டர் சர்க்கரை குறைந்ததால் வந்ததாகவும் இருக்கலாம், போன வருடம் கால் ஜில்லென்று இருந்ததாலும் இருக்கலாம். பழைய ரிப்போர்ட்டில் ஓரமாகத் தோல் வெப்பநிலை எழுதியிருக்கும், அதையும் அலையின் உயரத்தையும் முதலில் பார்ப்போம். கொடுங்கள் இப்படி.